பாறைக்குள் ஒரு முகம்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும், கேட்வே ஆஃப் இந்தியாவில் லாஞ்ச் (படகு) ஏற்றி எலிஃபெண்டா தீவுக் குகைக்குக் கூட்டிப்போவேன். அங்கே பாறையில் செதுக்கிய 6-ஆம் நூற்றாண்டுச் சதாசிவன் சிலையைக் காட்டத்தான்.

சதாசிவனுக்கு ஐந்து முகம். கண்ணுக்குத் தெரிவதோ மூன்று: நடுவே அமைதி, நமக்கு இடப்பக்கம் சீற்றம், வலப்பக்கம் தாமரையோடு மென்மை. சித்தப்பா கேட்டார்: "மிச்சம் ரெண்டு எங்கப்பா?" ஒன்று பின்பக்கம், பாறைக்குள், இன்னொன்று உச்சியில் என்பார்கள். செதுக்காத முகத்தை எப்படி அறிகிறோம்? சைவ சித்தாந்தம் சொல்லும் அறியும் வழிகளான காண்டல் (நேரில் பார்ப்பது), கருதல் (ஊகிப்பது), உரை (நூல் சொல்வது) மூன்றுமே இந்த ஒரே கல்லில் வேலை செய்கின்றன. மூன்று முகங்களைக் கண் தருகிறது. மூன்று திசைக்கு முகம் இருந்தால் நான்காவதற்கும் இருக்கும் என்று மனம் கருதுகிறது. ஐந்தாவதை ஆகமம் சொல்லித்தான் நம்புகிறோம். சிற்பி பாறையை அப்படியே விட்டதுதான் எனக்கு இதில் ஆகப்பெரிய கலை.

திங்கட்கிழமை குகை விடுமுறை. மற்ற நாளில் போங்கள்.