ஈசல் தின்ற மண்ணில் பூச்சிப் புரதம்

பூச்சியை உணவாகக் கொள்ளலாமா என்று எங்கள் பாம்பன், மண்டபம் பக்கத்து இளையவர்களிடம் கேட்டால் முகச்சுளிப்புதான் முதல் பதிலாக வருகிறது. அதே பிள்ளைகள்தான் நண்டின் காலைக் கடித்து உடைத்து உறிஞ்சுகிறார்கள். இறால் தலையோடு வைத்தால்தான் குழம்பு ருசிக்கும் என்கிறார்கள். இறால், நண்டு, வெட்டுக்கிளி மூன்றும் கணுக்காலிகள்தான் என்று எடுத்துச் சொல்வதால் எவருடைய நாக்கும் மாறிவிடுவதில்லை.

சத்துக் கணக்கைச் சொல்வதாலும் மாறுவதில்லை. உலகில் சுமார் 200 கோடிப் பேரின் உணவில் பூச்சிகள் இடம்பெறுவதாக ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு 2013-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. ஒரு கிலோ எடை கூடுவதற்குச் சிள்வண்டுக்கு ஏறத்தாழ 2 கிலோ தீனி போதும், மாட்டுக்கு 8 கிலோ வேண்டும் என்றும் அது சொல்கிறது. இவை முக்கியமான செய்திகள்தாம். ஆனால் வாசலிலேயே மீன் கிடைக்கும் ஊரில் புரதப் பற்றாக்குறை என்ற பேச்சு இளையவர்களின் காதில் ஏறாது.

அவர்களுக்கு நான் நினைவூட்ட விரும்புவது வேறொன்று. முதுகுளத்தூர், கமுதி பக்கத்துக் காட்டு ஊர்களில் மழை பெய்து ஓய்ந்த இரவில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும். விளக்கை ஏற்றி, அதன் அடியில் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்தால் அதில் வந்து விழும். அதை அள்ளி வெறும் சட்டியில் வறுத்து, முறத்தில் புடைத்துச் சிறகைப் போக்கி, வறுத்த அரிசியோடு கலந்து கொடுத்த பாட்டிமார் இன்னமும் இருக்கிறார்கள். மானாவாரி விவசாயத்தை நம்பிய குடும்பங்களில், மழை தந்த கொழுப்பும் புரதமும் அவை. பஞ்சத்துக்குத் தின்ற உணவு என்ற கூச்சத்தால் நம் தலைமுறை இதைப் பேசாமல் விட்டது பெரும் இழப்பு என்றே கருதுகிறேன்.

கல்லூரியில் படிக்கும் என் அக்காள் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் சற்று யோசித்துவிட்டு, "மாவா அரைச்சு முறுக்குல கலந்து குடுத்தா தின்னுருவேன் மாமா, காலும் மீசையும் கண்ணுல படக்கூடாது" என்றாள். மேலைநாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதையேதான் காட்டுகின்றன: முழு உருவத்தைக் கண்டு ஒதுங்குகிறவர்கள், பழகிய பண்டத்தில் பொடியாகக் கலந்திருந்தால் சுவைத்துப் பார்க்க முன்வருகிறார்கள். கீழக்கரை முஸ்லிம் நண்பர்களுக்கோ தயக்கத்துக்கு முன்பாக மார்க்கம் இருக்கிறது. வெட்டுக்கிளி ஆகுமானது என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை, மற்றப் பூச்சிகளைப் பற்றி மார்க்க அறிஞர்களான ஆலிம்களிடம் கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள். அந்த வரம்பை மதிக்காமல் இந்தக் கரையில் எந்தப் புது உணவையும் பரப்ப முடியாது.

எங்கள் கடலுக்குப் பூச்சியால் உடனடியாக விளையக்கூடிய நன்மை தட்டில் அல்ல, தீவனத்தில் இருக்கிறது. விசைப்படகு வலையில் ஏறும் கழிசல் மீன், வளர்ந்திருந்தால் நல்ல விலைக்குப் போயிருக்கும் குஞ்சுகளும் சேர்ந்தே, காய்ந்து கோழித் தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போவதைப் பார்க்கும்போது மனம் வேகிறது. பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்னும் ஈயின் புழுக்களைக் காய்கறிக் கழிவிலேயே வளர்த்துத் தீவனமாக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2017-இலேயே மீன் வளர்ப்புத் தீவனத்தில் பூச்சிப் புரதத்தை அனுமதித்துவிட்டது. தின்னத் தயங்கும் இளைஞர்கள்கூட இந்தப் புழுக்களை வளர்க்கும் தொழிலுக்குத் தயங்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

தின்ன முன்வருகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. இறாலும் நண்டும் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடிக்கிறவர்களுக்குப் பூச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒவ்வாமையைத் தூண்டும் ட்ரோபோமயோசின் என்னும் புரதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. 2021-இல் உலர்ந்த மஞ்சள் மாவுப்புழுவை உணவாக அனுமதித்த ஐரோப்பிய ஒன்றியம், இந்த எச்சரிக்கையைப் பொட்டலத்தின் மேலேயே அச்சிட வேண்டும் என்று விதித்தது. இங்கே பூச்சி மாவு விற்பனைக்கு வருமானால், அந்த வரி தமிழிலும், கண்ணில் படும் அளவு எழுத்திலும் இருக்க வேண்டும்.