36 பேர்: ஓர் ஆய்வு மாணவியின் நாட்குறிப்பு

ஜூலை 14

முதுகலை உளவியல், இரண்டாம் ஆண்டு. ஆய்வு முறையியல் பயிற்சி இன்று தொடங்கியது. வந்ததும் மேடம் எங்களைக் கணினி முன் உட்கார வைத்துவிட்டார். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில், எந்த வித்தியாசமும் இல்லாத இரண்டு குழுக்களை நாங்களே உருவாக்கி ஆயிரம் தடவை டி-சோதனை (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) போட்டோம். வித்தியாசமே இல்லாதபோதும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்புதான் பி மதிப்பு; 0.05க்குக் கீழே வந்தால் வித்தியாசம் உண்டு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படிக் கீழே வந்தது ஏறக்குறைய ஐம்பது தடவை. அது எதிர்பார்த்ததுதான். அடுத்து, குழுவுக்குப் பத்துப் பேர் சேர்ந்ததும் சோதனை, ஒன்றும் வராவிட்டால் இன்னும் பத்துப் பேர், மறுபடி சோதனை என்று ஐம்பது வரை போகச் சொன்னார். இல்லாத வித்தியாசம் நூற்றுக்குப் பதினான்கு தடவை தலைகாட்டியது.

இளங்கலைத் திட்டப்பணியில் நான் செய்தது இதைத்தான். முடிவு வரவில்லையே என்று மேலும் பதினைந்து பேருக்கு வினாப்பட்டியல் கொடுத்தேன். அதை உழைப்பு என்று நம்பியிருந்தேன். இரவு சாப்பிடவே மனமில்லை.

ஜூலை 22

சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன் மூவரும் 2011இல் எழுதிய கட்டுரையைப் படித்தோம். ஒரு பாட்டைக் கேட்டவர்களின் வயது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு குறைந்துவிட்டதாகப் புள்ளியியலில் காட்டுகிறார்கள், பி = 0.04. தரவு எதுவும் பொய்யில்லை. எத்தனை பேரோடு நிறுத்துவது, எந்த மாறியைச் சேர்ப்பது என்பதையெல்லாம் தரவைப் பார்த்த பிறகு முடிவு செய்தால் இவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டவே எழுதியிருக்கிறார்கள். 2015இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முக்கியத்துவம் (பி 0.05க்குக் கீழே) காட்டியிருக்க, திரும்பச் செய்தவற்றில் 36 விழுக்காடே காட்டின.

ஆகஸ்ட் 3

என் ஆய்வு: பின்னணியில் பாட்டு ஓடும்போது சொற்கள் குறைவாக நினைவில் நிற்கின்றனவா? குழுவுக்கு இருபது பேர் என்று எழுதிக்கொண்டு போனேன். நடுத்தர அளவு வித்தியாசம் உண்மையிலேயே இருந்தாலும் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான் என்று மேடம் கணக்குப் போட்டுக் காட்டினார். 80 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமென்றால் குழுவுக்கு 64 பேர். அத்தனை பேருக்கு எங்கே போவது?

ஒரே ஆளை இரண்டு நிலையிலும் சோதித்தால், அவரே அவருக்கு ஒப்பீடு. அப்போது 34 பேர் போதும். ஆனால் யாருக்குப் பாட்டு முதலில், யாருக்கு அமைதி முதலில், எந்தச் சொற்பட்டியல் எதில் என்று மாற்றி மாற்றி வைக்க நான்கு வரிசைகள் தேவை. நான்கால் வகுபட 36.

ஆகஸ்ட் 11

கருதுகோள், ஆள் எண்ணிக்கை, பகுப்பாய்வு, யாரை நீக்குவோம், எல்லாவற்றையும் தரவு சேகரிக்கும் முன்பே எழுதி இணையத்தில் பதிந்து வைத்தேன்; இதற்கு முன்பதிவு என்று பெயர். தேதியோடு பூட்டப்பட்டுவிட்டது.

ஆகஸ்ட் 27

சோதனை முடிந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றே: "நான் நல்லா செஞ்சேனா?" நாங்கள் அளப்பது பாட்டின் விளைவைத்தான், உங்கள் திறமையை அல்ல என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து சொல்கிறேன். மனம் குறுகிப்போய் ஒருவரும் இந்த அறையைவிட்டுப் போகக்கூடாது.

செப்டம்பர் 16

36 பேரும் முடிந்தது. அமைதியில் சராசரியாக 0.9 சொல் கூடுதல். பி = 0.06.

பதினெட்டாவது ஆளுக்கு அமைதிச் சுற்றின் நடுவில் ஃபோன் அடித்தது. குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். அவரை எடுத்துவிட்டால் பி = 0.04. நியாயமான காரணம்தானே?

செப்டம்பர் 17

மேடம் ஒரே கேள்வி கேட்டார். "அந்த ஃபோன் பாட்டுச் சுற்றில் அடிச்சிருந்தா எடுத்திருப்பியாம்மா?"

எடுத்திருக்க மாட்டேன். என் கருதுகோளுக்குச் சாதகமாக இருந்திருக்கும், கண்ணில்கூடப் பட்டிருக்காது. நான் எழுதிவைத்த நீக்கல் விதிகளில் ஃபோன் இல்லை.

செப்டம்பர் 24

முடிவுகள் பகுதி எழுதி முடித்தேன். முதலில் 36 பேர்: 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி (உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை) −0.04 முதல் 1.82 வரை; பூச்சியமும் அதற்குள் வருகிறது. விளைவு இல்லை என்று எழுதவில்லை, இருக்கிறது என்றும் எழுதவில்லை. கீழே தனிப் பத்தியில், முன்பதிவில் இல்லாத கூடுதல் பகுப்பாய்வு என்று பெயரிட்டு 35 பேர். மூலத் தரவில் பதினெட்டாவது வரி அப்படியே இருக்கிறது, பக்கத்தில் "ஃபோன்" என்ற குறிப்போடு.