ரசீதின் அடியில் ஒரு வெற்றுக் கோடு

நான் டெக்சாஸுக்கு வந்த புதிதில், ஓர் உணவகத்தில் 40 டாலருக்குச் சாப்பிட்டுவிட்டு, ரசீதின் அடியில் ‘டிப்ஸ்’ என்று காலியாக விட்டிருந்த கோட்டில் 2 டாலர் என்று எழுதிக் கையெழுத்திட்டு எழுந்தேன். பரிமாறிய பெண் அந்தச் சீட்டைப் பார்த்தார்; ஒரு வார்த்தையும் பேசாமல் அதை மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார். வெளியே வந்ததும் உடன் வந்த நண்பர், இங்கே 20 சதவீதம் வைக்க வேண்டும் என்ற கணக்கை விளக்கினார். உடனே திரும்பிப் போய் மேலும் 6 டாலரை அவர் கையில் கொடுத்தேன்.

அமெரிக்க மத்தியச் சட்டப்படி, டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991 முதல் அந்தத் தொகை ஒரு சென்ட்கூட உயரவில்லை. பொதுவான குறைந்தபட்ச ஊதியமான 7.25 டாலரை எட்டும் அளவுக்கு டிப்ஸ் சேராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால், அடுத்த வாரம் எந்த நேரத்தில் வேலை என்பதை நிர்ணயிப்பவரிடமே போய் அந்த மீதியைக் கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? வாடகையும் பிள்ளையின் மருந்துச் செலவும் வாடிக்கையாளரின் மனநிலையைப் பொறுத்திருப்பதால்தான், அத்துமீறிப் பேசுபவரிடமும் அவர்கள் சிரித்துக்கொண்டே நிற்க நேர்கிறது.

இந்த வழக்கம் வேரூன்றிய வரலாறு இன்னும் வேதனையானது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களைப் புல்மன் நிறுவனம் தன் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் சொற்பச் சம்பளத்துக்கு அமர்த்தி, மீதியைப் பயணிகளின் கையிலிருந்து பெற்றுக்கொள்ளும்படி விட்டது. சொந்தப் பெயர் இருந்தும், முதலாளி ஜார்ஜ் புல்மனின் பெயரால் அவர்கள் எல்லோரையும் பயணிகள் ‘ஜார்ஜ்’ என்றே அழைத்தார்கள். 1925இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கண்டு, 12 ஆண்டுகள் போராடிய பிறகே அவர்களுக்கு முறையான ஊதிய ஒப்பந்தம் கிடைத்தது.

டிப்ஸைக் காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்று கலிபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டா உள்ளிட்ட ஏழு மாநிலங்கள் விதித்திருக்கின்றன. அங்கும் உணவகங்கள் நடக்கத்தான் செய்கின்றன. டெக்சாஸில் இன்றும் அதே 2.13 டாலர்தான். ஆகவே, சாப்பாடு வரத் தாமதமானாலும் நான் 20 சதவீதத்துக்குக் குறைத்து எழுதுவதில்லை. அடுப்படியில் நேர்ந்த தாமதத்துக்குப் பரிமாறுபவரின் கூலியைப் பிடித்தம் செய்ய எனக்கு மனம் வருவதில்லை.