வீட்டைவிடப் பெரிதாக ஓர் ஊற்று

தனுஷ்கோடியில் இருந்த தன் வீட்டை அப்பத்தா எனக்கு வரைந்து காட்டினார். அவர் இறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, பழைய பள்ளிக்கூட நோட்டின் கடைசித் தாளில் வரைந்தது அது. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வந்த புயல் அந்த ஊரைக் கொண்டுபோனபோது அவருக்கு இருபது வயது. எழுதப் படிக்கத் தெரியாதவர். அகப்பையைப் பிடிப்பதுபோல் பென்சிலைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டம் போட்டார். அதற்குள் அடுப்படியையும், கடலைப் பார்த்த வாசலையும், வலை போட்டுவைக்கும் மூலையையும் குறித்தார். பிறகு கட்டத்துக்கு வெளியே, அதைப்போல் மூன்று மடங்கு பெரிதாக ஒரு வட்டம் போட்டார்.

"இது என்ன அப்பத்தா?" என்று கேட்டேன்.

"ஊத்துய்யா. மணலத் தோண்டுனா நல்ல தண்ணி வரும். பொழுதன்னைக்கும் அங்கனதான கெடந்தேன்."

ஊற்று வீட்டைவிடப் பெரிதாக இருப்பது பிழை என்றுதான் அப்போது நினைத்தேன். யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் பணியைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகே அந்த நினைப்பு மாறியது. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இலங்கையை ஆண்ட காலத்தில் நிலவுடைமையைப் பதிந்துவைத்த ஏடு. சனாதனன் அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டு, முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் 2011இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார். போரினால் வீடிழந்த எண்பது பேர், தாங்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து தங்கள் கையாலேயே அதில் வரைந்திருக்கிறார்கள். அந்தக் கோணல் கோடுகளை ஒட்டிக் கட்டடக்கலைஞர் முறைப்படி வரைந்த வரைபடமும், அந்த வீட்டின் கதையைக் கேட்டு ஓவியர் தீட்டிய சித்திரமும் வருகின்றன. ஒரே வீடு மூன்று கைகளில் மூன்று விதமாக நிற்கிறது. பத்திரமும் பட்டாவும் தொலைந்துபோனவர்களுக்கு வீடு இருந்ததற்குச் சாட்சி அவர்கள் கையில் இருந்த கோடுதான். கிணறு எவ்வளவு பெரிது, மாமரம் எந்தப் பக்கம் என்பதை அளவுகோல் தீர்மானிக்கவில்லை, வாழ்ந்த நாட்கள் தீர்மானித்தன. அப்பத்தாவின் வட்டமும் அப்படிப்பட்டதுதான்.

எங்கள் கரையில் நிற்பவருக்கு அந்த எண்பது வீடுகள் அயலார் வீடுகள் அல்ல. 1964 வரை தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் போய்வந்தது. ராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் இலங்கை அகதிகள் முகாம் இன்றும் இருக்கிறது.

அடையாளத்தைத் தேடுவது தமிழ்நாட்டு ஓவியர்களுக்குப் புதிதில்லை. 1966இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் கலைக் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்தவர்களும் இந்த மண்ணுக்கே உரிய கோட்டையும் குறியையும் எழுத்தையும் தேடினார்கள். அது பெரிய தேடல். ஆனால் இன்று எனக்கு நெருக்கமாகப் படுபவர்கள், தேடலை மரபிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள். பரோடாவில் கணக்குத் தணிக்கையாளராக வேலை பார்த்த பூபேன் கக்கர் 1972இல் ஒரு கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடையை ஓவியமாகத் தீட்டினார். மும்பைக்கு அருகே தாணேயில் எக்ஸ்ரே மருத்துவராக இருந்த சுதிர் பட்வர்தன், ரயிலுக்குக் காத்திருப்பவர்களையும் வேலை முடிந்து திரும்புபவர்களையும் பல ஆண்டுகளாக வரைந்துவருகிறார். 1981இல் இவர்கள் இருவரோடு மேலும் நான்கு ஓவியர்கள் சேர்ந்து மும்பையிலும் டெல்லியிலும் நடத்திய கண்காட்சி, மனிதர்களை மீண்டும் சித்திரத்தின் நடுவே உட்காரவைத்தது.

நடுவே யார் உட்காருவது என்ற கேள்விக்கு எங்கள் ஊரிலேயே பழைய விடை ஒன்று இருக்கிறது. ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துச் சுவர்களில் பதினெட்டாம் நூற்றாண்டு ஓவியங்கள் நிறைந்திருக்கின்றன. முத்துவிஜய ரகுநாத சேதுபதி ராஜராஜேஸ்வரி அம்மனிடம் செங்கோல் பெறுகிறார், தஞ்சை மராத்தியரோடு போரிடுகிறார், ஐரோப்பியரைச் சந்திக்கிறார். அந்தச் சிவப்பும் மஞ்சளும் எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காதவை. இருந்தாலும் அங்கே நடுவில் இருப்பவர் மன்னர்தான்.

சென்ற ஆண்டு சென்னையில் ஒரு காட்சிக்கூடத்தில் நடந்த கூட்டுக் கண்காட்சியில், எங்கள் பக்கத்து இளம்பெண் ஒருவரின் ஆறு ஓவியங்களைப் பார்த்தேன். கடலில் பாசி எடுக்கும் பெண்களே அவற்றில் நடுவில் இருந்தார்கள். ஒரு திரைச்சீலையில் இரண்டு கைகள் மட்டுமே. விரல் ஒவ்வொன்றிலும் கிழிந்த சேலைத் துணி சுற்றியிருந்தது. துணியின் நுனியில் உப்பு காய்ந்து வெளுத்த இடத்தை வெள்ளைச் சாயத்தை மிகத் தடிப்பாக அப்பி உருவாக்கியிருந்தார். கட்டைவிரலில் மட்டும் துணி இரண்டு சுற்று கூடுதலாக இருந்தது. பாறையில் விரல் கிழியாமல் இருக்கச் சுற்றும் துணி அது. பார்க்க வந்த ஒருவர் அதை விபத்துக் கட்டு என்று எண்ணிக்கொண்டு போனார். பக்கத்தில் ஒட்டியிருந்த அறிமுகக் குறிப்பில் அடையாளம், நினைவு, அன்றாடம் என்ற சொற்கள் பலமுறை வந்தன. துணி எதற்கு என்ற ஒரு வரி இல்லை. எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து, தலைமுறை தலைமுறையாகப் பாசி எடுத்த இடத்துக்கே பயந்து பயந்து போகும் நிலை இந்தப் பெண்களுக்கு. அந்தக் கூடுதல் இரண்டு சுற்றைக் கவனித்து வரைந்தவருக்கு அது தெரியும். சுவரில் எழுதியவரும் அதைக் கேட்டு எழுதியிருக்கலாம்.

கண்காட்சி முடிந்ததும் ஓவியங்களை ஊருக்குக் கொண்டுவரும்படி அந்த ஓவியரிடம் கேட்டேன். பாம்பனில், வலை பின்னும் கொட்டகையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறையும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். கச்சான் காற்றுக்குப் பயந்து கீழ்ப்பக்கம் செங்கல்லைக் கட்டிவைத்தோம். பாசி எடுக்கும் பெண்கள் மதியம் வந்தார்கள். கைகளை வரைந்த ஓவியத்தின் முன்னால் சிறிது நேரம் பேச்சில்லை. ஒருவர் தன் விரலைத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டார். பாசிப் பையை இடுப்பில் கட்டிய பெண்ணை வரைந்த அடுத்த ஓவியத்துக்குப் போனதும் ஒரு மூத்த பெண் தலையை ஆட்டினார்.

"பைய இப்படிக் கட்ட மாட்டோம் தாயி. முடிச்சு முன்னால வந்தா பாறையில மாட்டிக்கிரும். பின்னால வரணும்."

ஓவியர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா தன் முந்தானையையே கயிறாக்கி இடுப்பில் மூன்று முறை முடிந்து அவிழ்த்துக் காட்ட, அவர் பென்சிலை எடுத்து, சென்னையில் சுவரில் தொங்கிய அதே திரைச்சீலையின் பின்பக்கத்தில் முடிச்சை வரையத் தொடங்கினார்.