எதிரணிக்காரர் காரில் ஏற்றிக்கொள்வார்

நேரலை விவாதங்களுக்கு ஆள் பிடிப்பது என் வேலை. கௌரவமாகச் சொன்னால் கெஸ்ட் கோஆர்டினேட்டர். மதியத்துக்கு மேல்தான் தலைப்பு முடிவாகும். மாலை ஏழு மணிக்குள் நான்கு பேரை நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். சென்னையில் ஒரு செய்தித் தொலைக்காட்சியில் தொடங்கி, இப்போது ஒரு யூடியூப் சேனலுக்கு வந்திருக்கிறேன். அலுவலகம்தான் மாறியது, முகங்கள் மாறவில்லை. இந்த விவாதங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கே தெரிந்திருக்கும், சுற்றிச் சுற்றி அதே ஆட்கள்தான் வருவார்கள். சொந்த அண்ணன் தம்பியைப் பார்ப்பதைவிட அதிகமாக இவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஆளுங்கட்சிக்காரரும் எதிர்க்கட்சிக்காரரும் ஜென்மப் பகையாளிகள் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். அதெல்லாம் கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிற வரைக்கும்தான். சட்டையிலிருந்து மைக்கைக் கழற்றியதும், "அண்ணே, வண்டி வந்துவிட்டதா? நான் வடபழனி வழியாகத்தான் போகிறேன், ஏறிக்கொள்ளுங்கள்" என்பார், சற்று முன்பு "பொய் சொல்லாதீர்கள்" என்று மேசையைத் தட்டியவர். ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் இன்னொருவர் பந்தி விசாரித்ததையும் பார்த்திருக்கிறேன்.

நான் பார்த்த தீராத பகையெல்லாம் ஒரே பக்கம் உட்காருகிறவர்களுக்குள் மூண்டதுதான்.

காரணம் எளிய கணக்கு. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் நெறியாளரின் முன்னுரை, இடைவேளை எல்லாம் போக ஆளுக்குப் பத்து நிமிடம் மிஞ்சினால் பெரிது. எதிரணிக்காரர் கூடுதலாகப் பேசினால் அதற்குப் பதில் சொல்ல நமக்கும் வாய்ப்பு கேட்கலாம். நம் பக்கத்துக்காரர் கூடுதலாகப் பேசினால் நம்முடைய நேரம்தான் போகிறது. அதைவிட மோசம், நாம் தயாரித்து வந்ததையும் அவரே சொல்லிவிடுவது.

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரும் பத்திரிகையாளர் ஒருவரும் எங்கள் நிகழ்ச்சிக்கு அடிக்கடி வருவார்கள். இருவருக்கும் ஒரே நிலைப்பாடு. அன்று பத்திரிகையாளர் ஒரு தீர்ப்பின் நகலை எடுத்து வந்திருந்தார். முக்கியமான வரிகளில் மஞ்சள் மை, ஓரத்தில் பென்சிலில் குறிப்பு. முதல் சுற்றில் பேசிய பேராசிரியர் அந்தத் தீர்ப்பையே எடுத்தார். பத்தி எண்ணோடு சொன்னார். கட்டுப்பாட்டு அறைத் திரையில் நான் பத்திரிகையாளரின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தன் முறை வந்ததும் சிரித்த முகத்தோடு, "ஐயா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம்" என்று ஆரம்பித்தார். திருத்தம் ஏழு நிமிடம் நீடித்தது. எதிரணியில் இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அதன் பிறகு எதற்கெடுத்தாலும் தகராறு. பெயருக்குக் கீழே ஓடும் பட்டையை நாங்கள் ஆஸ்டன் என்போம். ஒருவருக்கு அதில் 'மூத்த' என்று போட்டால், "அவர் மூத்தவர் என்றால் நான் யார் தம்பி?" என்று மற்றவர் கேட்பார். யாருக்கு முதலில் கார் அனுப்பினோம், நெறியாளர் யாரைப் பார்த்து வணக்கம் சொன்னார் என்பதெல்லாம் விசாரணைக்கு வரும். இப்போது அழைத்தால் தலைப்பைக் கேட்பதற்கு முன் வருகிற கேள்வி, "அவர் வருகிறாரா?" என்பதுதான்.

பட்டிமன்றத்திலும் இந்தச் சங்கடம் உண்டு. முதலில் பேசுபவர் நல்ல விஷயத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டால், அதே அணியில் மூன்றாவதாகப் பேசுபவர் பாவம். ஆனால் அங்கே ஒரே வேனில் போய், ஒரே வீட்டில் சாப்பிட்டு, வழியிலேயே பேசிப் பிரித்துக்கொள்ள முடிகிறது. நேரம் முடிந்தால் மணி அடிக்கும், நடுவரின் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எங்கள் நெறியாளர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை. கொடுத்தாலும் பலர் அதை எடுத்துக்கொள்ள விரும்புவதில்லை. பெண் வழக்கறிஞர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "மேசையைத் தட்டுகிறவருக்கு 'சார், ஒரு நிமிடம்'. எனக்கு மட்டும் 'உணர்ச்சிவசப்படாதீர்கள்'." ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான்.

2020 ஊரடங்கில் விவாதங்கள் ஜூமுக்குப் போனபோது இன்னொரு வம்பு சேர்ந்தது. இணையத்தில் குரல் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேரும். இவர் மூச்சு வாங்க நிறுத்துவார். முடித்துவிட்டார் என்று நினைத்து அவர் தொடங்குவார். அது போய்ச் சேர்வதற்குள் இவர் அடுத்த வாக்கியத்தில் இருப்பார். நேரில் உட்கார்ந்திருந்தால் முகத்தைப் பார்த்தே நிறுத்திக்கொள்ளலாம். திரையில் அது, வேண்டுமென்றே குறுக்கே விழுந்ததாகவே படும். சத்தம் தாங்காமல் நாங்கள் ஒருவரை மியூட் செய்தால், அதைத் திறக்க அவர்தான் பொத்தானை அழுத்திச் சம்மதிக்க வேண்டும். வயதானவர்கள் அந்தப் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்தவர் சுற்றே முடிந்துவிடும். "என் வாயை அடைத்துவிட்டீர்கள்" என்று இரவு பதினொரு மணிக்குப் போன் வரும். போதாக்குறைக்கு, இன்னொரு போனில் நேரலையைத் திறந்து வைத்துக்கொண்டு, ஓடுகிற கருத்துகளைப் படித்தபடியே பேசுகிறவர்களும் உண்டு.

அதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். மறுநாள் காலை வருகிற துண்டு வீடியோவைத்தான் சமாளிக்க முடியாது. யூடியூப் ஷார்ட்ஸ் 2020 செப்டம்பரில் முதலில் இந்தியாவில்தான் வந்தது. அதற்குப் பிறகு ஒரு மணி நேரப் பேச்சுக்கு மதிப்பில்லை, ஒரு நிமிடச் சீண்டலுக்குத்தான் மதிப்பு. ஒருவர் பேச்சின் நடுவே தண்ணீர் குடிப்பதை வெட்டி, அடுத்தவரின் கேள்விக்குப் பின்னால் ஒட்டி, 'வாயடைத்துப் போனார்' என்று தலைப்பு வைத்துவிடுவார்கள். ஸ்டூடியோவிலிருந்து சமாதானமாகப் போன இருவர் இதைப் பார்த்துத்தான் பகையாளி ஆகிறார்கள். வெட்டி ஒட்டியது எங்கள் எடிட்டிங் மேசை. திட்டு வாங்குவது எதிரே உட்கார்ந்திருந்தவர்.

சண்டைக்குப் பார்வையாளர் கூடுவது யூடியூபுக்கு முன்பே தெரிந்த சங்கதி. 1968இல் அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி, பார்வையாளர் எண்ணிக்கையில் பின்தங்கியிருந்த நேரத்தில், வலதுசாரிப் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் எஃப். பக்லியையும் இடதுசாரிச் சாய்வுள்ள எழுத்தாளர் கோர் விடாலையும் கட்சி மாநாடுகளையொட்டிப் பத்து முறை நேருக்கு நேர் மோதவிட்டது. சிகாகோ மாநாட்டு நாட்களில் விடால் அவரை நாஜி என்ற பொருளில் ஏச, பக்லி முகத்தில் குத்துவேன் என்றார். மறு ஆண்டு பத்திரிகையில் கட்டுரைப் போர், பிறகு வழக்கு. அது 1972 வரை இழுத்தது. அவர்கள் எதிரெதிர் அணிதான். ஆனால் ஆறாமல் நின்றது வியட்நாம் போர் பற்றிய கருத்து வேறுபாடு அல்ல, நேரலையில் விழுந்த வசவு.

என் கையில் இருப்பவை சில சில்லறைத் தந்திரங்கள். ஒரே பக்கத்துக்காரர்கள் இருவரிடமும் மதியமே பேசி, நீங்கள் சட்டத்தை எடுங்கள், நீங்கள் களத்தை எடுங்கள் என்று பிரித்துவிடுவேன். ஒருவரோடு ஒருவர் பேச்சை நிறுத்திக்கொண்டவர்களை அருகருகே உட்காரவைப்பேன். எதிரெதிரே வைத்தால் கேமரா இருவர் முகத்தையும் மாறி மாறிக் காட்டும். துண்டு வீடியோவின் தலைப்பை நிகழ்ச்சி தயாரிப்பாளர் பார்த்த பிறகே ஏற்ற வேண்டும் என்று மேலிடத்தில் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். அந்த மாதம் அதிகம் பார்க்கப்பட்டது பேராசிரியரும் பத்திரிகையாளரும் மோதிய துண்டுதான். அதனால் என் கோரிக்கை அப்படியே கிடக்கிறது. அவர்கள் இருவரையும் மறுபடி ஒன்றாக அழைக்கச் சொல்லி மட்டும் உடனே உத்தரவு வந்தது.