யோம் கிப்பூர் வரை: உனெத்தானே தோக்கெஃப்

22 செப்டம்பர் 2025

இன்று பொழுது சாய்ந்ததும் ரோஷ் ஹஷானா, யூதர்களின் புத்தாண்டு. அஷ்கெனாசி (ஐரோப்பிய மரபு யூதர்களின்) ஜெப ஆலயங்களில் நாளையும் மறுநாளும், அப்புறம் பாவ நிவர்த்தி நாளான யோம் கிப்பூர் அன்றும், முசாஃப் என்ற கூடுதல் தொழுகையின்போது வேதச் சுருள்கள் இருக்கும் பேழையைத் திறந்து வைத்து எல்லோரும் எழுந்து நின்று ‘உனெத்தானே தோக்கெஃப்’ சொல்வார்கள். நான் படித்த வழிபாட்டுக் கவிதைகளில் இவ்வளவு நடுங்க வைப்பது வேறில்லை. மேய்ப்பனின் கோலுக்குக் கீழே ஆடுகள் கடப்பதுபோல உயிர்கள் ஒவ்வொன்றாகக் கடவுள் முன்னால் போகின்றன. யார் வாழ்வார், யார் சாவார், யார் தண்ணீரால், யார் நெருப்பால், யார் பசியால் என்பதெல்லாம் புத்தாண்டில் எழுதப்பட்டு யோம் கிப்பூரில் முத்திரையிடப்படுகிறது.

24 செப்டம்பர்

அந்தப் பட்டியல் முடிந்ததும் சபை முழுக்கக் குரலெழுப்புகிறது: மனந்திரும்புதலும் ஜெபமும் தர்மமும் தீர்ப்பின் கொடுமையை விலக்கும்! ஜெபப் புத்தகங்களில் இம்மூன்றுக்கும் மேலே பொடி எழுத்தில் முறையே நோன்பு, குரல், பணம் என்று அச்சிட்டிருக்கும். எபிரேய எழுத்துகளுக்குரிய எண்களைக் கூட்டினால் இந்த மூன்று சொற்களுமே 136, அதாவது மூன்றுக்கும் ஒரே மதிப்பு. பணமும் ஜெபமும் சமமாக நிற்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. பசித்தவனுக்குக் கொடுக்காமல் அழுது மட்டும் தப்பிக்க முடியாது.

28 செப்டம்பர்

சரி, எழுதியது யார்? ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து ரப்பி (யூத மதகுரு) அம்னோன் என்கிறது மரபுக்கதை. மதம் மாறச் சொன்ன பேராயரிடம் மூன்று நாள் தவணை கேட்டதற்கே மனம் நொந்தவர், கைகால் வெட்டப்பட்ட நிலையில் ஜெப ஆலயத்துக்குத் தூக்கி வரப்பட்டு, இதைச் சொல்லி உயிர்விட்டாராம். ஆனால் கெய்ரோ கெனிசாவில் (ஜெப ஆலயத்தின் பழஞ்சுவடி அறையில்) கிடைத்த பழைய பிரதிகளைப் பார்த்த அறிஞர்கள், கவிதை பைசாந்தியக் காலப் பாலஸ்தீனத்தில் பிறந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அதற்காகக் கதையைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1096இல் சிலுவைப்போர்க் கும்பல் யூதர்களைக் கொன்று குவித்த ஊர் மைன்ஸ். அந்த மக்களுக்கு இந்த வரிகளைச் சொல்ல ஒரு அம்னோன் தேவைப்பட்டார்.

2 அக்டோபர்

இன்று யோம் கிப்பூர். 1973இல் யோம் கிப்பூர் அன்று தொடங்கிய போரில் பெய்த் ஹஷிட்டா என்ற கிபுட்ஸ் (இஸ்ரேலின் கூட்டுவாழ்வுக் குடியிருப்பு) தன் ஆட்கள் 11 பேரை இழந்தது. மதத்தை ஒதுக்கி வைத்த சோசலிசக் குடியிருப்பு அது. 1990இல் அங்கே தங்கியிருந்த இசையமைப்பாளர் யாயிர் ரோசன்ப்ளூம் இந்தக் கவிதைக்குப் புது மெட்டுப் போட்டார். அந்த யோம் கிப்பூரில் அதை அங்கேயே பாடினார்கள். கடவுளை நம்பாதவர்கள் பாடலாமா என்பது எனக்குக் கேள்வியே இல்லை. ‘யார் வாழ்வார், யார் சாவார்’ என்று கேட்க, பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்த ஊரைவிட யாருக்கு உரிமை அதிகம்? இப்போது அதே மெட்டு இஸ்ரேலின் பல ஜெப ஆலயங்களுக்குள்ளும் போய்விட்டது.