நியூஸ்குரூப்பில் ஒரு கேள்வி போட நான் பட்ட பாடு

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் விசைப்படகுகளின் வி.எச்.எஃப். செட்டும் (படகுக்குப் படகு பேசும் ரேடியோ) எக்கோ சவுண்டரும் (கடலின் ஆழம் காட்டும் கருவி) பழுது பார்ப்பது என் பிழைப்பு. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடியும். 61 நாளும் செட்டை மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில்தான் கழற்றிக்கொண்டு ஓடி வருவார்கள். இந்த முறை வந்த ஒரு செட், மற்றவர் பேசுவதைக் கேட்கும். நாம் பேச பட்டனை அமுக்கினால் அணைந்துவிடும். என் மேசையில் கரண்ட் கொடுக்கும் சப்ளை 3 ஆம்பியர்தான், அதனால் 1 வாட்டில் வைத்துச் சோதித்தேன், பேசியது. படகில் 25 வாட்டில் மறுபடி அணைந்தது. பேட்டரி 12.4 வோல்ட் காட்டியது. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுதான் போச்சு என்று முடிவு கட்டினேன்.

இந்த மாதிரி சிக்கலுக்கு எனக்கு ஒரே இடம் சை.எலக்ட்ரானிக்ஸ்.ரிப்பேர் என்ற நியூஸ்குரூப், அதாவது யூஸ்நெட் என்ற பழைய இணைய வலையில் எழுத்தில் கேள்வி பதில் போடும் குழு. (முகம் சுளிக்க வேண்டாம், அந்த 'சை' சயின்ஸின் சுருக்கம்.) முப்பது நாற்பது வருஷம் சால்டரிங் அயர்ன் பிடித்த கைகள் அங்கே உண்டு. முன்பு கூகுள் குரூப்ஸ் வழியாகப் போய்க்கொண்டிருந்தேன். 2024 பிப்ரவரி 22-க்குப் பிறகு அதில் பழையதைப் படிக்கலாம், புதிதாக எதுவும் போட முடியாது. பிரவுசரை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியாது.

மெயிலும் நியூஸ்குரூப்பும் படிக்க உதவும் தண்டர்பேர்ட் என்ற மென்பொருளை இறக்கினேன். எடர்னல் செப்டம்பர் என்ற இலவச சர்வரில் கணக்கும் அன்றைக்கே கிடைத்தது. பெயர்க் காரணம் வேடிக்கையானது. ஒவ்வொரு செப்டம்பரிலும் புதுக் கல்லூரி மாணவர்கள் யூஸ்நெட்டுக்குள் வந்து முறை தெரியாமல் சத்தம் போடுவார்களாம். 1993-க்குப் பிறகு அந்தக் கூட்டம் ஓயவே இல்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்று பிறகு நிரூபித்தேன்.

சர்வருக்குள் நுழையும் வாசல் எண்ணான போர்ட்டை 119 என்று கொடுத்தேன். போன் ஹாட்ஸ்பாட்டில் கனெக்ட் ஆகவே இல்லை. நம் பக்கத்து டவர்தான் சரியில்லை என்று நினைத்து, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு பிரவுசிங் சென்டர். "அண்ணே, நியூஸ் சர்வர் ஓப்பன் ஆகுதான்னு பார்க்கணும்" என்றேன். "நியூஸா? எந்தப் பேப்பர் வேணும் சார்?" என்று ஒரு தினசரியின் பக்கத்தைத் திறந்து காட்டினார். லேப்டாப்பை அவர் லைனில் மாட்டக் கேட்டேன், வெளி மிஷினுக்கு அனுமதி இல்லை என்றார். அவரும் என்ன செய்வார். ஒரு பகலும் பஸ் காசும் போனதுதான் மிச்சம்.

ராத்திரி வீட்டில் உட்கார்ந்து 119-ஐ 563 ஆக்கி, பாதுகாப்பில் எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் (பூட்டிய இணைப்பு) என்று மாற்றினேன். அதே போன், அதே டவர், உடனே பிடித்தது. செட்டிங்கில் 'எப்போதும் பாஸ்வேர்ட் கேள்' என்ற பொருளில் ஒரு கட்டம் இருக்கும். அதையும் டிக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடலாம். குரூப்பில் முதல் தடவை நுழையும்போது எத்தனை தலைப்புகளை இறக்கட்டும் என்று கேட்கும். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் கேட்காதீர்கள், 500 போதும்.

கேள்வியை எழுதி, போர்டை நாலு கோணத்தில் போட்டோ எடுத்து இணைத்து அனுப்பினேன். 441 என்ற பிழை எண்ணோடு திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். மறுபடி 441. சர்வர் கெட்டுவிட்டது என்று வாய்விட்டே திட்டினேன். பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தால் பைனரி (எழுத்தல்லாத படம் போன்ற கோப்பு) என்று ஒரு சொல் அதிலேயே இருக்கிறது. இது எழுத்துக்கு மட்டுமான சர்வர், படம் ஏறாது. படத்தை வேறெங்காவது ஏற்றி, சுட்டியை மட்டும் தர வேண்டும். சர்வர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

மூன்றாவது தடவை போஸ்ட் போனது. போனதும் ஒரு பெரியவரிடமிருந்து முதல் பதில்: எச்டிஎம்எல்-ஐ (வெப் பக்கம் போல அலங்கரித்த எழுத்து) நிறுத்து, வெறும் எழுத்தாக அனுப்பு. கேள்விக்கு விடை அதில் ஒரு வரி கூட இல்லை. கோபம்தான் வந்தது, ஆனால் நியாயம் அவர் பக்கம். தண்டர்பேர்டில் கணக்கு செட்டிங்கிலேயே அந்த டிக்கை எடுத்துவிடலாம். புதிதாக வருகிறவர்கள் மிஸ்க்.டெஸ்ட் குரூப்பில் ஒரு சோதனை போஸ்ட் போட்டுப் பார்த்துவிட்டு வந்தால் இந்த வசவு மிச்சம். இன்னொன்று, அனுப்புநர் முகவரியில் உங்கள் உண்மையான மெயிலைக் கொடுக்காதீர்கள். ஸ்பேம்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். 'டாட் இன்வேலிட்' என்று முடியும் முகவரி இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. போட்ட போஸ்டைப் பிறகு அழித்துவிடலாம் என்றும் நம்ப வேண்டாம், அதற்குள் அது எத்தனையோ சர்வர்களுக்குப் போயிருக்கும்.

விடிந்து பார்த்தால் இன்னொருவர் நாலே வரி எழுதியிருந்தார். போர்டைத் தொடாதே, பட்டனை அமுக்கிக்கொண்டே செட்டின் வயர் முனையில் வோல்ட்டை அள. இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், வெட்கமாகத்தான் இருந்தது. படகுக்கு ஓடினேன். சும்மா இருக்கும்போது 12.4, அமுக்கியதும் 9-க்குக் கீழே. 25 வாட்டில் செட் 5, 6 ஆம்பியர் இழுக்கும். பியூஸ் ஹோல்டரைத் திறந்தால் உள்ளே பச்சைக் களிம்பு, அவ்வளவு கரண்டை அது விடவில்லை. இரண்டு மாத உப்புக்காற்று தின்றிருந்தது. ஹோல்டரை மாற்றினேன், வயர் முனைகளை வெட்டிப் புதிதாக ஈயம் வைத்தேன். படகுகள் கூப்பிடும் சேனல் 16-இல் பக்கத்துப் படகு பதில் சொன்னது.

"இந்தத் துண்டு சாமானுக்கா தம்பி இத்தனை நாளு?" என்றார் படகுக்காரரான சம்மாட்டி. பியூஸ் ஹோல்டர் காசு மட்டும் எண்ணிக் கொடுத்தார்.

அந்த நாலு வரிக்காரருக்கு நன்றி சொல்ல ரிப்ளை அமுக்கினேன். மெயில் திரும்பி வந்தது, அவர் முகவரியும் டாட் இன்வேலிட். ரிப்ளை பட்டன் தனி ஆளுக்கு, பாலோஅப் பட்டன்தான் குரூப்புக்கு. பாலோஅப்பில் போட்டேன், அவர் வரிகளுக்குக் கீழே, வெறும் எழுத்தாக.